கூப்பாட்டின் பராமரிப்பாளர்

உங்கள் மேசையில் இருக்கும் கணினியில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியவில்லை, மேடம். பெரிய கோளாறு ஒன்றுமில்லை. நல்ல எழுத்துரு ஒன்றை இறக்கி நிறுவினால் போதும். இலவசம்தான், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்பது பல சமயம் வேறு யாரோ வைத்த பொறியாக இருக்கும். பெயரை மட்டும் பார்த்து எதையும் நம்பக் கூடாத காலம் இது.

நடந்ததை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டீர்கள், தாளும் கொடுத்தீர்கள், டீயும் வந்தது. நன்றி.

என் பெயர் தனசேகரன். சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். படித்தது அந்த ஊர்ப் பள்ளியில். அனுப்புநர், பெறுநர், பொருள், விளிப்பு, செய்தி, முடிப்பு என்று கடிதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை எங்கள் தமிழாசிரியர் மனதில் ஆணியாக அடித்துவிட்டார். இன்றும் தாலுகா ஆபீசுக்கு மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிய மனு எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை.

கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் இலவச மென்பொருள்களைத் தமிழாக்குவது என் பழக்கம். எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. கூலியும் இல்லை. பெயர் ஒரு மூலையில் வரும், அவ்வளவுதான். அப்படித்தான் கூப்பாடு என் கண்ணில் பட்டது.

கூப்பாடு, மாயவன் எழுதிய மென்பொருள். மாயவன் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரன். அவன் இவன் என்று எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதில் சின்னவன், வேறு காரணம் ஏதுமில்லை. கள்ளக்குறிச்சியில் டிப்ளமா முடித்துவிட்டு, வெளியூர் போகாமல், மலையிலேயே மரவள்ளி போட்டுக்கொண்டு போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். மலையில் பல சரிவுகளில் சிக்னல் கிடையாது. பாம்பு கடித்தாலும் பிள்ளைவலி எடுத்தாலும் ஜீப்பைக் கூப்பிட ஓர் ஆள் ஓட வேண்டும். அதற்கு இவன் ஒரு வழி கண்டான். உள்ளங்கை அளவு ரேடியோ பெட்டிகளை மேடான இடங்களில் கம்பம் நட்டுக் கட்டினான். சூரிய ஒளியில் ஓடும் பெட்டிகள். போனில் தட்டும் செய்தி பக்கத்துப் பெட்டிக்குப் போகும். அது அடுத்ததற்குத் தள்ளும். அப்படியே தாவித் தாவி ஜீப்காரர்களின் போனுக்கு வந்து சேரும்.

மென்பொருளை அவன் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தான். திறந்து வைப்பதென்றால் வீட்டுக் கதவைத் திறந்து போடுவது மாதிரி இல்லை, மேடம். படிப்பது யாரும் படிக்கலாம். வருகிற திருத்தத்தைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்பவர் ஒருவர் இருப்பார். அவரைப் பராமரிப்பாளர் என்போம். உலகத்தில் பாதி இயந்திரங்கள் ஓடுவது இப்படி எங்கோ ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தயவில்தான். இது பலருக்குத் தெரியாது.

முதலில் நான் அனுப்பியவை சிறிய திருத்தங்கள். இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது என்கிற அளவில். மாயவன் உடனுக்குடன் சேர்த்துக்கொண்டான். 'சூப்பர் சார்' என்று எழுதுவான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு ஒரு பெரிய திருத்தம் அனுப்பினேன். அதை எழுத ஒரு மழைக்காலமே ஆயிற்று. கூப்பாட்டின் பொதுப் பக்கத்தில் மலையிலிருந்து வரும் செய்திகளை நான் படித்திருந்தேன். 'சீக்கிரம் வாங்க' என்று ஒருவர் எழுதுவார். யார், எங்கே, எதற்கு என்று ஒன்றும் இருக்காது. ஜீப்காரர் திருப்பிக் கேட்பார், இவர் திருப்பிச் சொல்வார். வீண் தாமதம். ஆகவே ஒரு படிவம் அமைத்தேன். அனுப்புநர், இடம், பெறுநர், பொருள், விளிப்பு, செய்தி, முடிப்பு. எல்லாம் நிரப்பினால்தான் செய்தி போகும். நியாயமான யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன்.

எல்லோரும் பார்க்கும் அந்தப் பொதுப் பக்கத்திலேயே மாயவன் பதில் எழுதினான். 'சார், பாம்பு கடிச்சவன் மதிப்பிற்குரிய அய்யானு டைப் பண்ணிக்கினு இருப்பானா? இது வேணாம் சார். மத்தபடி நல்லா எழுதிக்கீறீங்க.'

அதற்குக் கீழே வெற்றிவேல் எழுதினான். வெள்ளிமலை ஜீப் ஓட்டுகிறவன், மாயவனின் சேக்காளி. 'பொருள்: பாம்பு கடித்தமை குறித்து. இன்னா சார், இத்த எழுதி முடிக்கறதுக்குள்ள பாம்பு அதும் வூட்டுக்கே போய் சாப்ட்டு படுத்துக்குமே.'

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். மலையில் ஜீப் ஓட்டுகிற அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள்.

'தங்கள் கருத்தை ஏற்கிறேன், நன்றி' என்று பதில் போட்டேன். எனக்குக் கோபம் இல்லை. அன்று நான் சாப்பிடவில்லை என்று என் மனைவி அமிர்தம் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு நினைவில்லை.

சில காலத்துக்கு முன் உலகம் முழுக்கப் பேசப்பட்ட சம்பவம் ஒன்று உங்கள் சைபர் கிரைம் பயிற்சியில் வந்திருக்கும். கோப்புகளை அமுக்கிச் சிறிதாக்கும் ஒரு சின்ன மென்பொருள். தனியாளாக அதைப் பார்த்துவந்தவர் களைத்துப்போயிருந்தார். உதவி செய்கிறேன் என்று ஒருவர் வந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேலாக நல்ல வேலை செய்தார். கூடவே இன்னும் சில பெயர்கள் வந்து, ஏன் தாமதம், பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கலாமே என்று நெருக்கின. பொறுப்பு கை மாறியது. பிறகு சோதனைக்கான கோப்புகளுக்குள் ஒளித்து ஒரு திருட்டு வாசல் உள்ளே வந்தது. உள்நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியாளரால் வெளியே வந்தது, இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது.

அதைப் பற்றி வந்த கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்தேன். மற்றவர்கள் எச்சரிக்கைக்காகப் படித்தார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கலையரசி என்று ஒருவரை உண்டாக்கினேன். திருநாவலூர்ப் பக்கத்து ஆசிரியை. சுப்புராயன், ஓய்வுபெற்ற தபால்காரர். தங்கமணி, சேலத்தில் கல்லூரியில் படிக்கிற பெண். மூவருக்கும் தனித்தனி நடை கொடுத்தேன். கலையரசி 'ங்க' போட்டுப் பேசுவார். சுப்புராயன் சுற்றி வளைப்பார். தங்கமணி இரண்டு வரியில் முடித்து ஒரு சிரிப்பு முகம் வைப்பாள். நான் மற்றவர்களுக்காக எழுதிப் பழகியவன், மேடம். கணவனை இழந்தவளுக்காகவும் எழுதியிருக்கிறேன், பட்டா கேட்கும் கிழவருக்காகவும் எழுதியிருக்கிறேன். அது எனக்குச் சிரமமில்லை.

அவர்களில் யாரும் மாயவனை ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கலையரசி எழுதியது இப்படித்தான் இருக்கும்: 'மாயவன் தம்பி, அனுப்பிய பிழைக்கு இன்னும் பதில் இல்லீங்க. உங்க சிரமம் புரியுது. முடியலைன்னா கௌரவமா வேற ஒருத்தர்கிட்ட பொறுப்பைக் கொடுத்திடலாமே. உங்க உடம்பும் முக்கியமில்லீங்களா?'

அவன் எழுதுவான்: 'மன்னிக்கணும் டீச்சர். மழ ஜாஸ்தி, கரண்ட் இல்ல. பாக்கறேன்.'

பிழை அறிக்கைகளும் அனுப்பினேன். இப்போது உலகம் முழுக்கப் பராமரிப்பாளர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்டால் இல்லாத பிழையை இருப்பதுபோல் மரியாதையாக, நீளமாக, எழுதிக் கொடுக்கும். படிக்கிறவர் அது உண்மையா என்று உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். எழுத ஒரு நிமிடம், சரிபார்க்க ஒரு நாள். யாராவது இப்படி அனுப்பினால், பிழையை நடத்திக் காட்டச் சொல்லுங்கள், காட்ட முடியாததை மூடிவிடுங்கள். மாயவன் அப்படிச் செய்யவில்லை. ஒரு செய்தி போகாமல் நின்றால் மலையில் ஓர் உயிர் போகும் என்ற பயம் அவனுக்கு. ஒவ்வொன்றையும் சரிபார்த்தான்.

நடுநடுவே நான் என் சொந்தப் பெயரில் வந்து இரண்டு மூன்றைத் தீர்த்து வைப்பேன். நன்றி சொல்வான்.

உதவிக்கு வருகிறவரை நேரில் பார்க்காமல் சாவி கொடுக்காதே என்பது இந்தத் துறையில் நல்ல அறிவுரை. மாயவன் அதைக் கடைப்பிடித்தான். என் கடைக்கே வந்தான். கையில் ஒரு பை சாமை அரிசி. அமிர்தத்திடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"இன்னாடா பையா, சாப்புடறியா இல்லியா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"சாப்புடறேன் அக்கா. தூங்கறதுதான் கம்மி. போன தொறந்தாலே யாராச்சும் ஒருத்தர் கேட்டுக்கினே கீறாங்க. திட்டுனாக்கூட தேவல. தன்மையா கேக்கறாங்க, அதான் தாங்க முடியல."

"வுட்டுத் தொலையேன் அத்த."

"வுட்டுட்டா மலையில யாரு பாக்கறது?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "சார், உங்களால பாத்துக்க முடியுமா? எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க. கலையரசி டீச்சர் சொல்லுது, அந்த போஸ்ட்மேன் அய்யாவும் சொல்றாரு."

எனக்கு நேரமில்லை என்றேன். அவன் வற்புறுத்தினான். ஏற்றுக்கொண்டேன். பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் வந்தது. அவன் பெயரும் கீழே இருந்தது. அதை நீக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் செய்த முதல் மாற்றம், எல்லாச் செய்தியும் ஒரே இடம் வழியாகப் போகும்படி ஆக்கியது. மலையில் கிளம்பும் செய்தி என் கடை மாடியில் இருக்கும் பெட்டிக்கு இறங்கி வந்து, சரிபார்க்கப்பட்டு, மறுபடி மேலே ஏறி ஜீப்காரர்களுக்குப் போகும். பாதுகாப்புக்காக என்று விளக்கம் எழுதினேன். இரண்டு பேராவது படித்து ஒப்புக்கொண்ட பிறகே மாற்றம் சேர வேண்டும் என்பது நல்ல விதி. கலையரசியும் சுப்புராயனும் படித்து ஒப்புக்கொண்டார்கள்.

படிவத்தை அதற்குள் வைத்தேன். வெளியே தெரியாது. சோதனைக்கான மாதிரிச் செய்திகள் இருக்கும் கோப்பை யாரும் படிப்பதில்லை, அதில்தான் அந்த விதி இருந்தது. நீங்கள் எந்த மென்பொருளைப் புதுப்பித்தாலும் அந்த மாதிரிக் கோப்புகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிவப்படி வரும் செய்தி அரை நிமிடம் நின்று தானாகப் போகும். படிவம் இல்லாதது என் திரைக்கு வந்து காத்திருக்கும். நான் 'விடு' என்று அழுத்தினால் போகும். யாருக்கும் படிவம் தெரியாது என்பதால் எல்லாமே என்னிடம் காத்திருந்தன.

நான் எதையும் தேக்கி வைக்கவில்லை. கடையில் ஆள் இருந்தாலும் திரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். படிப்பேன், விடுவேன். செய்தி கொஞ்சம் மெதுவாகப் போவதாக வெற்றிவேல் ஒருமுறை முணுமுணுத்தான், அவ்வளவுதான். மலைமேல் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஜீப்காரனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்த செய்தி வந்தபோது நான் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு 'விடு' என்று அழுத்தினேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நான் விட்டதால் பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

மாயவன் தூங்க ஆரம்பித்தான். தெளிந்தான். தெளிந்தவன் மறுபடி வேலை செய்ய வந்தான். பழைய உரையாடல்களில் தேடிப் பார்க்க ஒரு வசதி எழுதினான். பெட்டிகள் தம் வழியாகப் போகும் செய்திகளைக் கொஞ்ச காலம் தமக்குள்ளேயே சேமித்து வைக்கும் வசதியையும் எழுதி அனுப்பினான். நன்றாக எழுதியிருந்தான். நான் ஏற்றுக்கொண்டேன். வேலை நன்றாக இருந்தால் யாருடையது என்று பார்க்கிறவன் இல்லை நான்.

தேடும் வசதியைச் சோதிக்க அவன் தட்டிய சொல் 'கௌரவம்'. சில பதிவுகள் வந்தன. சில வரவில்லை. கண்ணுக்கு எதிரே அந்தச் சொல் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'கௌ' என்ற எழுத்தின் பின்பாதி கணினிக்கு ஒரு தனிக் குறி. டைப்ரைட்டரில் அந்தக் குறி கிடையாது. கொம்பைத் தட்டி, க தட்டி, பக்கத்தில் ள தட்டுவோம். தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு முதலாவது ஓர் எழுத்து, இரண்டாவது 'கெ'யும் 'ள'வும் சேர்ந்த இரண்டு எழுத்து. டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் செய்த என் வயதுக்காரர்கள் பலர் இன்னும் இப்படித்தான் அடிக்கிறோம். பிறர் எழுதியதில் இந்தப் பிழையை நானே திருத்தியிருக்கிறேன். ஆனால் விரல் கேட்பதில்லை.

போனில் கூப்பிட்டான்.

"சார், தங்கமணி எந்த இன்ஸ்டிடியூட்ல டைப்பு கத்துக்கிச்சு?"

"எனக்கெப்படித் தெரியும் தம்பி?"

"இல்ல சார், காலேஜ் படிக்கற பொண்ணு. அது டைப்ரைட்டர கண்ணால கூட பாத்துருக்காது. டீச்சரு, போஸ்ட்மேன் அய்யா, தங்கமணி, அப்பறம் நீங்க. இத்தினி பேர்ல நாலு பேரு மட்டும் கௌரவத்த ரெண்டா ஒடச்சி அடிச்சிக்கீறீங்க."

ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்தினேன்.

"ஏன் சார்? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சார். உங்களத்தான சார் நான் நம்பினு இருந்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "வர்ற சந்தையன்னிக்கு ஜீப்காரங்க எல்லாரும் வெள்ளிமலையில இருப்பாங்க. நீங்களே வந்து சொல்லிடுங்க. நான் சொன்னா அசிங்கமாயிடும் உங்களுக்கு" என்றான். அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, வெற்றிவேலிடம்கூடச் சொல்லவில்லை என்றான். நான் அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அந்த மலை முழுக்கச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை சிரித்தவர்கள்.

சந்தைக்கு முந்தின நாள் மலையில் நல்ல மழை. காலையில் மூன்றாம் பெட்டி நின்றுபோனது. அது ஒரு செங்குத்தான பாறைமேல் இருக்கிறது. போக ஒற்றையடிப் பாதைதான். அந்தப் பெட்டி நின்றால் பின்சரிவில் இருக்கிற ஊர்கள் எல்லாம் ஊமையாகிவிடும். மழை விட்டதும் போகலாம் என்று வேறு யாராவது இருந்திருப்பார்கள். மாயவன் இருக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, மேடம். கடையில் உட்கார்ந்தபடி நான்தான் அதை அணைத்தேன். சந்தை நாள் வரை அவன் அந்த வேலையில் சிக்கிக்கொண்டால் பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாறை ஈரமாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவன் ஏறினான். பெட்டியை உயிர்ப்பித்தான். திரையில் அது பச்சையாக மாறியதைப் பார்த்தேன். இறங்கும்போது விழுந்திருக்கிறான். செய்தி வந்தது. 'வுழுந்துட்டேன். கால் ஒடஞ்சிடிச்சி. மூணாம் பெட்டிக்குக் கீழ. யாராச்சும் வாங்க.'

படிவம் இல்லை. என் திரையில் காத்திருந்தது.

கடைக்கு அப்போது வருமானச் சான்றிதழுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் வேலையை முடித்து அனுப்பினேன். திரும்பிப் பார்த்தபோது இன்னொன்று இருந்தது. அதில் வெற்றிவேலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். அதற்குப் பின் இன்னும் சில. குளிருகிறது என்று ஒன்று. பக்கத்து ஓடையில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒன்று. நான் அவற்றை அழிக்கவில்லை. நிராகரிக்கவும் இல்லை. விதிப்படி அவை காத்திருந்தன.

மத்தியானத்துக்கு மேல் வெற்றிவேல் பொதுப் பக்கத்தில் கேட்டான். 'மாயவன் பெட்டிய பாக்கப் போறேன்னு போனான். எந்தப் பெட்டினு சொல்லல. வூட்லயும் இல்ல. யாருனா பாத்தீங்களா?' அதுவும் என் திரைக்குத்தான் வந்தது, விட்டேன். விடாமல் இருந்தால் சந்தேகம் வரும்.

கொஞ்ச நேரம் கழித்துக் கலையரசி பதில் எழுதினார். 'மாயவன் தம்பியைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேனுங்க. பெட்டிக்குச் சாமான் வாங்க வந்ததாச் சொன்னாரு.'

'அப்பாடா, தேங்க்ஸ் டீச்சர். எங்கள அலைய வுட்டுட்டு அவன் டவுன்ல சுத்திக்கினு கீறானா? வரட்டும், வெச்சிக்கறேன்' என்று வெற்றிவேல் எழுதினான். தேடக் கிளம்பியவர்கள் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆடு மேய்க்கப் போனவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். பொதுப் பக்கத்தில் நான்தான் முதலில் இரங்கல் எழுதினேன். பிறகு மற்ற மூவரும் எழுதினார்கள். ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொல்லி நால்வருமே கேட்டிருந்தோம். அந்த 'மௌ'வையும் நாலு பேரும் உடைத்தே அடித்திருந்தோம் என்பதை நீங்கள் காட்டித்தான் நான் கவனித்தேன். அந்தப் பதிவுகளை அழித்திருக்கலாமே என்றீர்கள். திறந்த மென்பொருளில் எதையும் முழுதாக அழிக்க முடியாது. யாராவது ஒருவர் பிரதி வைத்திருப்பார். தேடும் வசதியோடு மாயவன் விட்டுச் சென்ற சோதனைக் குறிப்பில் எங்கள் நான்கு பெயர்களும் அந்தச் சொல்லும் அருகருகே இருந்தன. ஒரு விளக்கமும் எழுதாமல் வைத்திருந்தான். என் மானம் போகாமல் மறைத்து வைத்திருந்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் பெட்டியை வெற்றிவேல் கழற்றி எடுத்துவந்து உங்களிடம் கொடுத்தான். அதற்குள் சேமித்திருந்த செய்திகளை எல்லாம் நீங்கள் படித்துவிட்டீர்கள். அந்த வசதிக்கு அனுமதி கொடுத்தவன் நான் என்பதையும் பதிவில் பார்த்திருப்பீர்கள். அதை என் பக்கத்து நியாயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. படிவம் இல்லாத செய்திகள் காத்திருந்தன, சரி, கடைசிச் செய்தி ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தது அது. தன் செய்திகள் ஏன் போகவில்லை என்று அவன் அங்கே கிடந்தபடி யோசித்திருக்க வேண்டும். நான் பழைய திருத்தத்தை உள்ளே வைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்திருக்கிறான். நல்ல மூளை.

அனுப்புநர்: மாயவன். இடம்: மூன்றாம் பெட்டிக்குக் கீழ்ச்சரிவு. பெறுநர்: தனசேகரன் அய்யா அவர்கள். பொருள்: உதவி வேண்டுதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய அய்யா, கால் முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன். ஆள் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள மாயவன்.

அதில் ஒரு பிழைகூட இல்லை. படிவம் சரியாக இருக்கும் செய்தி, பெறுநர் யாராக இருந்தாலும், என் கை படாமல், அரை நிமிடத்தில், மலையில் இருக்கும் அத்தனை ஜீப்காரர்களுக்கும் தானாகப் போய்விடும். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன், நிரலும் சரியாக வேலை செய்தது. ஆகவே அந்த ஒன்றை மட்டும் நான் கையால் நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினால் காரணம் கேட்கும், அதுவும் நான் வைத்த விதிதான். 'படிவம் சரியில்லை' என்று எழுதினேன்.